மாதம் 635 ரூபாய்

ஆசிரியருக்கு,

எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒவ்வொருவருக்கும் அரசே பணம் கொடுக்கும் 'அனைவருக்கும் அடிப்படை வருமானம்' என்ற யோசனை கேட்க இனிக்கத்தான் செய்கிறது. மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை போட்ட கணக்கு, ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய். மாதம் 635! அதற்கே, வசதியான கால்வாசிப் பேரை ஒதுக்கிய பிறகும், நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.9 சதவீதம் வேண்டுமாம். அப்புறம் 'அனைவருக்கும்' எங்கே?

இருக்கிற மானியங்களை வெட்டித்தான் இதற்குப் பணம் புரட்ட வேண்டும். அரிசி விலை ஏறினால், ரேஷன் இருக்கும்வரை அது அரசின் கவலை. காசாகக் கொடுத்துவிட்டால் எங்கள் கவலை. தொகையை உயர்த்துவார்கள் என்கிறீர்களா? முதியோர் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு, 80 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 2007இல் மாதம் 200 ரூபாய். பல ஆண்டுகள் கழித்தும் அதே 200தான்.

– ஒரு வாசகர், மதுரை