பாலையாவைச் சுருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தமிழ்த் திரைப்பட நடிகர் டி.எஸ். பாலையாவை நகைச்சுவை நடிகர் என்று மட்டும் எழுதுவது வருத்தம் தருகிறது. 1936-இல் ‘சதி லீலாவதி’யில் வில்லனாக வந்தவர் அவர். ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் கதை சொல்ல, பயம் படிப்படியாக ஏறுவது பாலையாவின் முகத்தில். கேட்பவர் முந்திக்கொண்டு பயந்திருந்தால் அந்தக் காட்சி படுத்திருக்கும். மறு ஆண்டே ‘திருவிளையாடல்’ படத்தில் ஹேமநாத பாகவதர். பாட்டுக் குரல் கர்நாடக இசைப் பாடகர் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, வித்வானின் செருக்கு முழுக்க பாலையாவுடையது. பாட்டுக்கு உதடு பொருந்தினால் போதாது, சங்கதிக்கு (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் நெளிவுக்கு) முன்பே மூச்சு இழுப்பது தெரிய வேண்டும். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) தவில்காரரும் அவரே. நடிப்புப் பயிற்சிப் பள்ளிகள் இக்காட்சிகளை ஒலியை நிறுத்திவிட்டு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டலாம்.

வாசகர்,
மதுரை