குதிரைக்குத் துப்பாக்கி: பதிலில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில் மேலூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: டெக்சாஸில் மாட்டுப் பண்ணை ஒன்றில் வேலை பார்க்கும் தன் மகன், குதிரையில் எடுத்துச் செல்ல முதன்முதலாக லீவர் துப்பாக்கி (அடியில் இருக்கும் பிடியைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் ரகம்) வாங்கப் போகிறான், எதை வாங்கலாம் என்று. “வின்செஸ்டரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், பன்றித் தொல்லை இருந்தால் 45-70 தோட்டா எடுக்கட்டும்” என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். அதை நம்பிக் கடைக்குப் போனால் பையனுக்குத் தோள்வலி, குதிரைக்கு முதுகுப் புண்.

துப்பாக்கிக்கு முன்னால் விசா. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, அதில் எளிதானது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த வேட்டை லைசென்ஸ். அது காலாவதியாகிவிட்டால், துப்பாக்கியை அலமாரியில் பூட்டி வைத்திருப்பதுகூடச் சிக்கல்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. பையன் எந்த விசாவில் இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அடுத்தது சேணமும் உறையும். குதிரைக்காரர்கள் லீவர் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டது அழகுக்காக இல்லை. நம் ஊர் லைசென்ஸ்தாரர்களிடம் இருக்கும் .315 போல்ட் துப்பாக்கியில் வலப்புறம் கைப்பிடி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். லீவர் துப்பாக்கி இரு பக்கமும் தட்டை. அது தொங்குவது அங்கவடி வாருக்கு அடியில், ஓட்டுபவரின் காலுக்கும் குதிரையின் விலாவுக்கும் நடுவில். அங்கே அரை அங்குலம் தடித்தாலும் அரை நாளில் முழங்கால் சொல்லிவிடும். தொலைநோக்கி பொருத்தினால் உறையும் பெரிதாகும், உருவும்போது சிக்கும், குதிரை மரத்தில் உரசினால் குறியும் விலகும். முதல் துப்பாக்கிக்கு இரும்புக் குறிமுள் போதும். சினிமா நாயகர்கள் சுழற்றும் பெரிய லீவர் வளையமும் வேண்டாம். சாதாரண உறையில் அது அடங்காது.

உறையை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தோளில் வைக்கும் கட்டை முன்னால் மேலாகவும் குழல் பின்னால் கீழாகவும் இருந்தால், இறங்கியதும் கைக்கு வரும். ஆனால் கடிவாள வார் அதில் மாட்டும், கிளையும் மாட்டும், சரிவில் இறங்கும்போது துப்பாக்கி முன்பக்கமாக நழுவும். கட்டை பின்னால் இருந்தால் முள்காட்டில் தொல்லை குறைவு. ஏற்றத்தில்தான் நழுவப் பார்க்கும். டெக்சாஸ் மேய்ச்சல் நிலத்தில் மண்டிக் கிடக்கும் மெஸ்கீட், நம் சீமைக் கருவேலத்தின் பங்காளி. அந்தக் காட்டுக்குக் கட்டை பின்பக்கம் இருப்பதே நல்லது. எப்படிக் கட்டினாலும் கட்டைக்கு மேல் ஒரு பூட்டுவார் வேண்டும். உறையைச் சேணத்தோடு இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். ஒரே வாரில் தொங்கினால் குதிரை ஓட ஓட விலாவில் அடித்துக்கொண்டே வரும்.

உறை, தோட்டா, துப்பாக்கி எல்லாம் சேர்த்தால் நாலு கிலோவுக்கு மேல் போகும். அந்தப் பாரம் ஒரே பக்கம் இழுத்தால் சேணம் சாயும், கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் புண் வரும். எதிர்ப்பக்கப் பையில் நாலு லிட்டர் தண்ணீர் வைத்தால் தீர்ந்தது.

இப்போது துப்பாக்கி. 45-70 என்பது 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா. பெரிய மிருகத்துக்கு நல்லதுதான். ஆனால் முதன்முதலாகச் சுடுகிறவன் அதன் உதையில் பத்தாவது தோட்டாவிலேயே கண்ணை மூடப் பழகிவிடுவான். அந்தப் பழக்கம் லேசில் போகாது. பன்றிக்கு 1895-ல் வந்த 30-30 தோட்டா போதும். 150 அல்லது 170 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு, 150 மீட்டருக்குள் எந்தக் குறையும் வைக்காது. நரி, பாம்பு அளவில்தான் வேலை என்றால் 357 மேக்னம் தோட்டா சுடும், வின்செஸ்டரின் 1892 மாதிரி இன்னும் வசதி: 16 அங்குலக் குழலோடு மொத்த நீளம் 34 அங்குலம், எடை இரண்டேகால் கிலோ. அதில் 38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுக் குறைந்த செலவில் பழகலாம். ஒரு குறை உண்டு: 92 மாதிரிகள் தோட்டாவின் நீளத்தைப் பார்க்கும், குட்டையான 38 சில துப்பாக்கிகளில் ஏறும்போது முட்டும். வாங்கும் முன் சோதிப்பது நல்லது.

30-30-ல் இரண்டே பேச்சு: வின்செஸ்டர் 94, மார்லின் 336. இரண்டிலும் 20 அங்குலக் குழல், மொத்தம் 38 அங்குலம் சுமார். 94 ஒல்லி, எடையும் கொஞ்சம் குறைவு. உறைக்குள் அழகாகப் படுக்கும். இருந்தும் என் ஓட்டு 336-க்கு. உறையின் அடியில் கிடக்கும் குழல் வாய்க்குள் தூசியும் சேறும் போகாமல் இருக்காது. 336-ல் லீவரின் ஒரு திருகைக் கழற்றினால் லீவர் வரும், குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் பின்னால் உருவி வரும், காலித் தோட்டாவை வெளியே தள்ளும் சிறிய எஜெக்டர் தகட்டையும் எடுத்துவிட்டால் பின்பக்கத்திலிருந்தே குழலைத் துடைக்கலாம். 94-ல் அந்த வசதி இல்லை. கம்பியைக் குழல் வாய் வழியாகத்தான் விட வேண்டும். கவனம் தப்பினால் வாய் விளிம்பு தேயும், குறி தப்ப ஆரம்பிக்கும்.

குழலுக்கு அடியில் தோட்டா வரிசையாகக் கிடக்கும் குழாயை (மேகசின்) முன்பக்கமாக உருவித் தோட்டா நிரப்பும் மாதிரிகளும் கடையில் இருக்கும். காலி செய்யச் சுகமானவை. குதிரை பக்கத்தில் நிற்கும்போது நிரப்பத்தான் இரண்டு கையும் வேண்டும், அதில் ஒன்று குழல் வாய் அருகே. பக்கவாட்டுக் கதவு வழியாக ஒவ்வொன்றாக நிரப்புவதையே எடுக்கட்டும்.

பழையதாக வாங்கினால் வெடிக்காத ஆறு போலித் தோட்டாவை நிரப்பி, ஆறையும் லீவரால் வெளியேற்றிப் பார்க்க வேண்டும். மார்லினில் தோட்டாவைத் தூக்கும் தகட்டின் அடியை லீவரின் கூர்விளிம்பு நாளடைவில் குதறிவிடும். அப்புறம் இரண்டாவது தோட்டா தகட்டுக்கு அடியில் நுழைந்து எல்லாம் இறுகிவிடும். தகட்டில் பள்ளம் தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்வதா, வேறு பார்ப்பதா என்று முடிவு செய்துகொள்ளலாம். புதுத் துப்பாக்கியிலும் தோட்டா சிக்குகிறது என்று வருகிறவர்களில் பாதிப்பேர் லீவரை அரைமனதாக இழுப்பவர்கள். கடைசிவரை தள்ளி, கடைசிவரை இழுக்க வேண்டும்.

குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்தோட்டாவின் கேப்பில் (அடிபட்டால் வெடிக்கும் பின்மூடி) இடித்துக்கொண்டு கிடக்கும். அதனால் கூர்மூக்குக் குண்டு கூடவே கூடாது. தட்டைமூக்கு, அல்லது இதற்கென்றே செய்த மென்பிளாஸ்டிக் முனை மட்டும்.

குதிரையில் இருக்கும்வரை மேகசினில் தோட்டா இருக்கலாம், சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் குழலின் பின்னறையில் இருக்கக் கூடாது. உறைக்குள் குழல் குதிரையின் காலைப் பார்த்துத்தான் இருக்கும். இறங்கி, உருவி, குதிரையைவிட்டு விலகிய பிறகே லீவர். சேணத்தில் உட்கார்ந்தபடி சுடலாம் என்று நினைத்தால், பழகாத குதிரை முதல் வெடியிலேயே ஆளை இறக்கிவிடும். முதல் நாட்களில் வெறும் உறை, பிறகு உறைக்குள் மரக்கட்டை, பிறகு லீவர் சத்தம், கடைசியில் தூரத்து வெடி என்று பழக்க வேண்டும்.

குதிரை ஓட்டத்தின் அதிர்வில் குழல் பட்டைத் திருகுகள் தளரும். வாரம் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, தளர்ந்ததில் திருகைப் பிடித்து வைக்கும் நீலப் பசை ஒரு சொட்டு. குதிரை வியர்வை உப்பு. தோல் அதை உறிஞ்சி இரும்பில் ஒத்திக்கொண்டே இருக்கும். இரவில் உறைக்குள் விட்ட துப்பாக்கியில் காலையில் சிவப்புப் புள்ளி தெரியும். வீடு வந்ததும் வெளியே எடுத்து, துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி வைக்கட்டும்.

இதைப் படிக்கும் உசிலம்பட்டி, பேரையூர் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. இங்கே லைசென்ஸ் துப்பாக்கி கையில் இருந்தாலும் பன்றியை நாமே சுட முடியாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்றுதான் 2025 தொடக்கத்தில் அரசு அறிவித்தது.

மேலூர்க்காரரின் மகன் ஊருக்கு வரும்போது சட்டைப்பை, பூட்ஸ், முதுகுப்பையின் அடி எல்லாவற்றையும் கவிழ்த்து உதறிவிட்டுக் கிளம்பட்டும். மறந்துபோன ஒற்றைத் தோட்டா மதுரை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தாலும் 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தில் வழக்குத்தான்.

இப்படிக்கு,
துப்பாக்கி பழுது பார்ப்பவர்,
தல்லாகுளம், மதுரை