‘துணைக் கப்பல்தானே’ என்று எழுதிய மகளுக்கு

பாப்பா,

வேலை உறுதியான செய்தி பார்த்தேன், ரொம்ப சந்தோஷம். ஆனால் ‘போர்க்கப்பல் இல்லப்பா, துணைக் கப்பல்தான், நாங்கள் சிவிலியன்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். இன்ஜின் ரூமில் பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நீ சேரப்போகும் ராயல் ஃப்ளீட் ஆக்ஸிலியரி, அதாவது பிரிட்டிஷ் கடற்படையின் துணைக் கப்பல் அமைப்பு, 1905-இல் தொடங்கியது. ஆனால் படையையும் டாங்கியையும் கரையில் இறக்கும் கப்பல்கள் அதன் கைக்கு வந்தது 1970-இல்தான். சர் லான்சலாட் முதலான ஆறு, எல்லாம் இங்கிலாந்துக் கதையில் வரும் ஆர்தர் ராஜாவின் வீரர்கள் பெயர். தரைப்படைக்காகக் கட்டியவை. அதுவரை அவற்றை நடத்தியது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. நம் சனங்களை மெட்ராஸிலும் நாகப்பட்டினத்திலும் ஏற்றிப் பினாங்குக்குக் கொண்டுபோன ரஜூலாவும் அதே கம்பெனிக் கப்பல்தான், பார்! அந்த ஆறு கப்பல்களுக்கும் முன்னாலும் பின்னாலும் கதவு, தட்டையான அடி, கரையிலேயே ஏறி நின்று டாங்கியை இறக்கிவிடலாம்.

நீ போகப்போகும் ‘பே’ வகைக் கப்பல் அப்படிக் கரையேறாது. பின்பக்கம் உள்ளே ஒரு தொட்டி மாதிரி இடம், அதில் தரையிறங்கு படகு. எடையைக் கூட்டிக் குறைக்க வைத்திருக்கும் பல்லாஸ்ட் டேங்குகளில் தண்ணீரை ஏற்றிக் கப்பலின் பின்பாகத்தையே தாழ்த்தி, கதவைத் திறந்தால் கடல் உள்ளே வரும், படகு மிதந்து வெளியே போகும். 16,000 டன் கப்பலைத் தெரிந்தே கொஞ்சம் முக்கி, வேண்டிய அளவில் நிறுத்துகிற வேலை. பம்ப், வால்வு, டேங்க் அளவு எல்லாம் உங்கள் இன்ஜின் ரூம் ஆட்களின் கையில். முதல் தடவை அது நடக்கும்போது தூங்கிவிடாதே, கெஞ்சியாவது கூட நின்று பார்.

‘பே’ வகையில் நான்கு கட்டினார்கள். லார்க்ஸ் பே 2010-இல் ஹெய்ட்டி பூகம்பத்துக்கு நிவாரணம் கொண்டுபோனது, மறு வருஷமே ஆஸ்திரேலியாவுக்கு விற்றுவிட்டார்கள். வேலைக்கு வந்து ஐந்து வருஷம்கூட ஆகாத நல்ல கப்பல், என்ன கணக்கோ போ. மவுண்ட்ஸ் பே 2017-இல் இர்மா புயலின்போது கரீபியனில் உதவியது. இந்த மாதிரி வேலைகளைத்தான் உனக்குப் படம் காட்டியிருப்பார்கள், அதெல்லாம் உண்மைதான்.

அப்புறம் சர் கலகாட், முன்னால் சொன்ன ஆறில் ஒன்று. 1982, பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து தீவுப் போர். மே 24-ஆம் தேதி விழுந்த குண்டு வெடிக்கவில்லை, தப்பியது. ஜூன் 8-இல் ஃபிட்ஸ்ராய் பக்கம், பட்டப்பகலில், வெல்ஷ் கார்ட்ஸ் என்கிற பிரிட்டிஷ் படையினர் இறங்காமல் உள்ளேயே இருக்கும்போது அர்ஜென்டினா விமானங்கள் வந்துவிட்டன. 48 பேர் போனார்கள், அதில் ஐந்து பேர் கப்பல் ஊழியர்கள், உன்னைப் போல சிவிலியன்கள். மூன்று பேர் இன்ஜினியர்கள், மற்ற இருவர் ஹாங்காங்கிலிருந்து வந்தவர்கள், ஒருவர் எலெக்ட்ரிக்கல் ஃபிட்டர், ஒருவர் கப்பலில் இறைச்சி வெட்டுபவர். செகண்ட் இன்ஜினியர் பால் ஹென்றி, புகைக்குள் தன்னிடம் இருந்த சுவாசக் கருவியை ஜூனியர் ஒருவரிடம் கொடுத்து வெளியே போகச் சொன்னார். அவர் வெளியே வரவில்லை. இறந்த பிறகு வீரத்துக்கான ஜார்ஜ் மெடல் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற சர் டிரிஸ்ட்ராமிலும் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். அதைச் சரிசெய்து திரும்ப ஓட்டினார்கள். கலகாடை ஆழ்கடலுக்கு இழுத்துப்போய் மூழ்கடித்து, போர்க் கல்லறையாக விட்டுவிட்டார்கள்.

போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. சிவிலியன் என்கிற சொல்லை நம்பி டிரில்லில் அசட்டையாக இருக்காதே என்கிறேன். ஏறிய முதல் நாளே இன்ஜின் ரூமிலிருந்து மேலே வரும் எமர்ஜென்சி வழியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறிப் பழகு. சுவாசக் கருவி எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது என்று கை தானாகப் போக வேண்டும்.

இன்னொன்று. அங்கே ஆள் பற்றாக்குறை, சம்பளத்துக்காக 2024-இல் வேலைநிறுத்தமே நடந்தது. கையெழுத்துப் போடும் முன் எத்தனை மாதம் கடலில், எத்தனை நாள் லீவு, ஆள் மாற்ற வராவிட்டால் என்ன செய்வார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கு. வெட்கப்படாதே.

எந்தக் கப்பல் என்று தெரிந்ததும் எழுது. கலகாட் கதையை அம்மாவிடம் நான் சொல்லவில்லை, நீயும் உளறிவைக்காதே.

அப்பா