பதின்மூன்றாம் வரியைப் பார்

அன்புள்ள பாப்பா,

பைத்தான் என்ற கணினி மொழியில் நீ எழுதிய நிரலை நேற்று இரவு படமெடுத்து அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். "14ஆவது வரியில் ஒரு தவறும் இல்லை அம்மா, கணினிக்குத்தான் கண் தெரியவில்லை" என்று கோலாலம்பூரிலிருந்து ஒரே புலம்பல். 14ஆவது வரியில் தவறு இல்லைதான். 13ஐப் பார். இரண்டு அடைப்புக்குறிகளைத் திறந்துவிட்டு ஒன்றைத்தான் மூடியிருக்கிறாய். வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று நம்பிப் பைத்தான் அடுத்த வரிக்குள் நுழைந்து அங்கே தடுமாறுகிறது. தடுமாறிய இடத்தை உனக்குக் காட்டுகிறது. உன் அலுவலகத்தில் இருப்பது பைத்தானின் பழைய பதிப்பு போலிருக்கிறது. 2021 அக்டோபரில் வந்த 3.10 முதல், மூடாத அடைப்புக்குறியையே சுட்டிக்காட்டுகிறது. அதை நிறுவித் தரச் சொல்.

6ஆவது வரியில் இருப்பது வேறு கதை. கைப்பேசியில் தட்டச்சு செய்து ஒட்டினாய் அல்லவா? அது அழகுக்காக மேற்கோள் குறிகளை வளைத்துவிட்டது. பைத்தானுக்கு நேரான குறிதான் வேண்டும். அழித்துவிட்டுக் கணினியிலேயே அடி. நிபந்தனை சொல்லும் 'இஃப்' (if) வரியின் முடிவில் முக்காற்புள்ளியையும் (:) விட்டிருக்கிறாய். அதற்கெல்லாம் நான் கவலைப்படவில்லை. கணினியே கத்திச் சொல்லிவிடும்.

கத்தாத தவறுதான் என் வயிற்றைக் கலக்கும். 1986இல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சம்பளக் கணக்குக்குக் கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். (உன் தாத்தா கடைசிவரை கோபால் என்பவர் என்னுடன் வேலை செய்யும் ஆள் என்றே நினைத்திருந்தார்.) அதில் 'இஃப்' என்று தொடங்கினால் முற்றுப்புள்ளி வரை அதன் ஆட்சிதான். இரவு வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் சேர வேண்டிய படியை எழுதும்போது, புள்ளியை ஒரு வரி முன்னதாகவே வைத்துவிட்டேன். இலக்கணப்படி அது சரி, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாய் திறக்கவில்லை. பகல் வேலைக்காரர்களின் சம்பளச் சீட்டிலும் இரவுப் படி ஏறிவிட்டது. அச்சடித்த கட்டை எடுத்துப் பார்த்த மேற்பார்வையாளர், "எல்லாரும் இரவில்தான் வேலை செய்தார்களா?" என்று கேட்டார். அன்று நான் வீடு திரும்பியபோது படகுத்துறையில் கடைசிப் படகும் போயிருந்தது.

உன் 20ஆவது வரியைப் பார்த்ததும் அந்த மேற்பார்வையாளரின் முகம் நினைவுக்கு வந்தது. வயது 60க்குக் கீழ் இருந்தால் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். 'இஃப்'பின் கீழே உள்தள்ளி நிற்க வேண்டிய இரண்டு வரிகளில் முதலாவது ஒழுங்காக நிற்கிறது. பணத்தைப் பிடிக்கும் இரண்டாவது இடது ஓரத்துக்கு நழுவிவிட்டது. அதனால் அது 'இஃப்'பின் ஆட்சிக்கு வெளியே போய்விட்டது. பைத்தான் முணுமுணுக்கக்கூட இல்லை. வயது எதுவானாலும் பிடித்துக்கொண்டே போகும்.

அந்த வரியை நாலு வெற்றிடம் உள்ளே தள்ளிவிட்டு, அப்பாவின் வயதான 63ஐக் கொடுத்து ஓட்டிப் பார். அப்போதும் அவருக்குப் பிடித்தம் காட்டினால், அடுத்த வாரம் பினாங்குக்கு வரும்போது அவரிடம் நீயே சொல்லிக்கொள்.

அன்புடன்,
அம்மா