சித்தப்பாவின் எச்சில்

மகள்,

நேற்று போனில் நீ சொன்னது பாதிதான் விளங்கியது, இங்கே மழை, சிக்னல் விட்டு விட்டு வந்தது. "சித்தப்பாவின் மனச்சிதைவு வருத்தத்தைத்தான் மரபணுவில் ஆராயப் போறன், உங்களுக்குக் கோபமோ அப்பா?" என்று கேட்டாயே, கோபமில்லை பிள்ளை. பயம்தான் கொஞ்சம்.

இங்கே 'பரம்பரை வருத்தம்' என்ற ஒரு சொல் போதும். முள்ளியவளையிலிருந்து மாமிக்கு வந்த சம்பந்தம், சித்தப்பாவைப் பற்றி விசாரித்த அடுத்த கிழமையே நின்றுபோனது. நீயும் அந்தச் சொல்லுக்கு இலக்கம் போட்டுக் கொடுக்கப் போகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு நீ அனுப்பிய 2022ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தம்பி வாசித்துச் சொன்னான். மனச்சிதைவு உள்ள 76,755 பேரையும் இல்லாத 243,649 பேரையும் ஒப்பிட்டு, மரபணுத் தொகுதியில் இந்த வருத்தத்தோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டிருக்கிறார்களாம். அங்கே உள்ள மாற்றங்கள் ஒவ்வொன்றும் வருத்தத்தின் பக்கம் மிகச் சிறிய தள்ளல்தான், வருத்தம் இல்லாதவர்களிடமும் அவை இருக்கின்றன, என்னிடமும் சில இருக்கும். உருவம் ஒன்றான இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்குப் பாதிகூட இல்லையாம். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது!

ஆனால் ஒன்று. அந்த இரத்தமெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பியருடையது, மிச்சத்தில் அதிகம் கிழக்காசியருடையது என்றான் தம்பி. அதை வைத்துப் போடும் ஆபத்துக் கணக்கு எங்கள் ஆட்களுக்கு அவ்வளவாகச் சரிவராதாம். எனக்கு இது புதினமில்லை. களிமண்ணுக்கு எழுதின பசளைக் கணக்கை எங்கள் மணல் தரைக்குப் போட்டு ஒரு காலபோக வெள்ளாமையே கெட்டது உனக்கு நினைவிருக்கும்.

அதோடு சித்தப்பாவுக்கு இல்லாத குரல்கள் கேட்கத் தொடங்கியது எங்கள் பக்கம் ஷெல் விழ முதல். "எல்லாம் சண்டையால் வந்தது" என்று ஊர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. ஆனால் 2009இல் இடம்பெயர்ந்து ஓடும்போது குளிசை இல்லாமல் பங்கருக்குள் அவன் இருந்த இருப்பை நீ சின்னப்பிள்ளையாகப் பார்த்தாய்தானே. அதையும் பதிவதற்கு உங்கள் கணக்கில் ஒரு கட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் கேட்டுப் போடச் சொல்லு, புதிதாக வந்தவள் என்று வாய் மூடிக்கொண்டு இராதே.

எப்போதாவது இந்தப் பக்கம் மரபணு மாதிரி எடுக்க ஆட்களை அனுப்பினால் நீயும் கூட வா. தமிழில் விளங்கப்படுத்தி, சம்மதம் கேட்டு எடுக்க வேண்டும், படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குகிற ஆட்களை இங்கே நிறையப் பார்த்துவிட்டோம்.

சித்தப்பாவிடம் நானே சொன்னேன், எச்சிலிலிருந்தும் எடுக்கலாமாம் என்று. கொஞ்ச நேரம் இரணைமடு வாய்க்காலையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "எச்சில் எண்டால் தாறன், ஊசி எண்டால் வரவேண்டாம் எண்டு சொல்லு" என்றான்.

அப்பா