பிரேக் பேட் சீக்கிரம் தேய்கிறதா? பழைய பேடைப் பாருங்கள்

பிக்கப் லாரி ஓட்டும் நண்பர்களுக்கு வணக்கம். முன் சக்கர பேட் அடிக்கடி தீர்ந்துபோகிறது என்றால், கழற்றிய பழைய பேடைத் தூக்கி எறியாதீர்கள். காரணம் அதிலேயே தெரியும்.

உள் பேட் மட்டும் தேய்ந்து, வெளி பேட் தடிமனாக இருந்தால் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சரியாக நகரவில்லை. பெரும்பாலும் ரப்பர் பூட் (உறை) கிழிந்து, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னில் துரு ஏறியிருக்கும். பின்னைத் துடைத்து, பிரேக்குக்கு உரிய சிலிக்கான் கிரீஸ் மட்டும் வையுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பி, ஸ்லைடு பின் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் கொதிக்கிறதா? கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் உள்ள பிளீடரை (பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகு) தளர்த்துங்கள். உடனே சக்கரம் லேசாகச் சுற்றினால் பிரேக் ஆயில் வரும் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம். அப்புறம் பிரேக் லைனில் புகுந்த காற்றை எடுக்க மறக்காதீர்கள்.

இடது, வலது இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்தால் பின் சக்கர டிரம்மைத் திறந்து பாருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவின் அட்ஜஸ்ட் தளர்ந்து கிடந்தால் முன் பேடுதான் அடி வாங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கினாலும் இதே கதிதான். கியரைக் குறைத்து இறங்குங்கள்.

சந்தேகம் இருந்தால் உள் பேட், வெளி பேட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.