பாப்பா, வண்டி ஏன் கவிழ்கிறது என்றால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதையே இந்த நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஹாலில் கார்பெட் விரித்து அதன்மேல் ரிமோட் ரேஸ் காரை ஓட்டுகிறார்கள், ஐந்து நிமிஷ ரேஸில் நாலு தடவை கவிழ்ந்தேன், வளைவில் ஸ்டீரிங்கைத் திருப்பினாலே ஒரு பக்கம் எழும்பிப் புரண்டுவிடுகிறது, எனக்கு ஓட்டவே மறந்துபோச்சு அப்பா என்றாய். குரல் கம்மியிருந்தது. உனக்கு ஒன்றும் மறக்கவில்லை. அந்த வண்டியில் இருக்கிற செட்டிங் முழுக்க நம் களத்துமேட்டுக்காக நாம் இரண்டு பேரும் இரண்டு கோடை உட்கார்ந்து பிடித்தது. அதை அப்படியே ஜெர்மனிக்குக் கொண்டுபோய் ஸ்டுட்கார்ட்டில் கார்பெட்டில் இறக்கினால் கவிழத்தான் செய்யும். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி, ஸ்பேனரைக் கையில் எடுக்காமல் முதலில் ஒரு தடவை முழுக்கப் படி.

நம் களத்து மண் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். காய்ந்த களி, மேலே விரல்கனம் புழுதி. டயர் எங்கே திரும்பினாலும் முதலில் வழுக்கும், அப்புறம்தான் பிடிக்கும். அந்த மண்ணில் வண்டியின் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்ந்து அழுத்தினால்தான் டயரின் முள் புழுதியைத் தாண்டிக் கெட்டி மண்ணைத் தொடும். வண்டி சாயட்டும் என்றுதான் மெலிசான ஸ்ப்ரிங் போட்டோம், முன்னால் இருந்த ஆன்டி ரோல் பாரை, அதாவது சாய்வைத் தடுக்கிற கம்பியைக் கழற்றினோம், அடித்தட்டைத் தரையிலிருந்து 22 மில்லி உயரத்தில் வைத்தோம். வெடிப்பிலும் கட்டியிலும் வயிறு இடிக்காமல் போவதற்கும் அந்த உயரம் வேண்டியிருந்தது.

கார்பெட்டில் வழுக்கலே கிடையாது. திருப்பின மாத்திரத்தில் டயர் கவ்விக்கொள்கிறது. வழுக்கிப்போக வழியில்லாத வண்டி என்ன செய்யும், மேல்பாரம் முழுக்க வெளியே சாயும், கீழே டயர் நகராமல் நிற்கும், கால் தடுக்கின ஆள் மாதிரி குப்புற விழும். வைக்கோல் போர் ஏற்றின டிரெய்லர் வெண்ணாற்றுக் கரையில் திரும்பும்போது பார்த்திருக்கிறாயே, பாரம் உயரத்தில் இருக்க இருக்க அது எவ்வளவு சீக்கிரம் சாய்கிறது என்று. அதே கணக்குதான்.

சரி, இப்போது செய்யவேண்டியது. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாற்று. மாற்றிவிட்டு ஒரு பேட்டரி முழுக்க ஓட்டு, நோட்டில் எழுது, அப்புறம் அடுத்தது. அங்கே பக்கத்து மேஜைக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், நல்ல மனசோடுதான் சொல்வார்கள், ஆனால் நாலு பேர் சொன்னதையும் ஒரே மத்தியானத்தில் செய்துவிட்டால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று உனக்கே தெரியாமல் போய்விடும். ஆயில் இன்ஜினில் நான் முப்பது வருஷம் பார்த்தது இது. பம்பு, நாஸில், டைமிங் மூன்றையும் ஒரே நாளில் தொட்ட இன்ஜின் இரண்டாம் தடவையும் ஷெட்டுக்கு வரும்.

முதலில் ரிமோட்டில் ஸ்டீரிங் டூயல் ரேட்டை, அதாவது சக்கரம் எவ்வளவு திரும்பலாம் என்கிற அளவைக் குறை. 100-ல் வைத்திருப்பாய், 80-க்குக் கொண்டுவா. இதற்கு ஸ்பேனரே வேண்டாம், காசும் இல்லை. புழுதியில் சக்கரம் முழுக்கத் திரும்பினால்தான் வண்டி கேட்கும், கார்பெட்டில் அவ்வளவு திருப்பல் தேவையே இல்லை.

அடுத்தது ரைடு ஹைட், அந்த அடித்தட்டு உயரம். இதில்தான் பாதி வியாதி தீரும் என்று நினைக்கிறேன். 22-ஐ 17-க்கோ 18-க்கோ இறக்கு. பேட்டரியை உள்ளே வைத்து, பாடியும் மாட்டி, வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து மேஜைமேல் போட்டு, அதிர்வைத் தாங்குகிற ஷாக் தானாக வந்து நிற்கிற இடத்தில் அள. கையால் அமுக்கி நிறுத்தி அளந்தால் தப்பு வரும். இடதும் வலதும் ஸ்ப்ரிங்கைப் பிடித்திருக்கிற காலர் வளையம் ஒரே அளவுக்குத் திரும்பியிருக்கிறதா என்று பார். மேஜை மட்டமாக இருக்கவேண்டும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், மாடிப்படியில் வைத்து அளந்து ஒரு நாள் பூரா அலைந்தோம் அல்லவா.

மூன்றாவது முன் டயர். கார்பெட்டுக்கு என்று குட்டிக்குட்டி முள் உள்ள டயர் இருக்கும், அதை மாற்றிவிட்டாய் என்று சொன்னாய், நல்லது. அப்படியும் கவிழ்ந்தால் முன் டயரின் வெளிப்பக்க ஓரத்தில், பக்கச்சுவர் முள்ளோடு சேருகிற இடத்தில், டயர் ஒட்டுகிற அதே பசையை மெலிசாக ஒரு வளையம் தடவிக் காயவிடு. அந்த ஓரம் கெட்டியாகி வழுக்கும், வண்டி சாய்ந்து அந்த ஓரத்தில் ஏறும்போது கவ்வாமல் நழுவி மறுபடி படிந்துவிடும். ஹாலில் ஓட்டுகிறவர்கள் பலரும் செய்கிற வேலைதான். ஜன்னலைத் திறந்து வைத்துத் தடவு, அந்தப் பசையின் ஆவி கண்ணில் எரியும்.

இதற்கெல்லாம் அப்புறம்தான் முன்பக்க ஆன்டி ரோல் பாரைத் திரும்ப மாட்டுவது, ஒரு படி கெட்டியான ஸ்ப்ரிங் போடுவது. சக்கரம் செங்குத்திலிருந்து சாய்கிற கேம்பரை இப்போதைக்குத் தொடாதே, மைனஸ் ஒரு டிகிரியிலேயே இருக்கட்டும். பின் சக்கரங்களின் முன்முனை உள்பக்கம் திரும்பியிருக்கிற டோ-இன் 3 டிகிரியும் அப்படியே இருக்கட்டும்.

ஷாக் ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. கார்பெட் என்றால் இன்னும் கெட்டியான 40 நம்பர் போடு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உடனே போடாதே. இங்கே சித்திரை மத்தியானம் 38 டிகிரியில் ஓட்டினோம், ஆயில் சூட்டில் இளகும் என்றுதான் 30-க்குப் பதில் முன்னால் 35 ஊற்றினோம். இப்போது நீ ஓட்டுகிற ஹால் 18 டிகிரி என்றாய். அதே 35 அங்கே தானாகவே கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும். ஸ்ப்ரிங் மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, குதித்து இறங்கினதும் வண்டி இரண்டு மூன்று தடவை ஆடினால் மட்டும் 40-க்குப் போ.

ஆனால் ஷாக்கைப் பிரித்துப் புதுசாகக் கட்டுவதைத் தள்ளிப்போடாதே. ஆவணியில் நீ போனதிலிருந்து அது அதே ஆயிலில்தான் ஓடுகிறது, உள்ளே நம் ஊர்ப் புழுதி கலந்து கறுத்திருக்கும். திண்ணையில் உட்கார்ந்து கட்டினது ஞாபகம் இருக்கிறதா? ஷாப்டை முழுக்கக் கீழே இழுத்துவிட்டு, ஷாக்கின் உடம்பை நேராகப் பிடித்து, அதன் உள்சுவரோரமாக ஆயிலை ஊற்று, மேலிருந்து ஒரு மில்லிமீட்டர் குறைய நிற்கட்டும். அப்புறம் ஷாப்டை மெதுவாக, ரொம்ப மெதுவாக, மேலும் கீழும் நகர்த்து. பிஸ்டனின் ஓட்டைகள் வழியாகக் குமிழி ஒவ்வொன்றாகக் கிளம்பும், முதலில் கடுகு மாதிரி, அப்புறம் ஊசிமுனை மாதிரி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். வேகமாக இழுத்தால் ஆயில் பால் மாதிரி வெளுத்துவிடும், அப்புறம் அது தெளியக் கால்மணி நேரம் ஆகும். நீ ஆறாவது படிக்கும்போது விளக்கடியில் வைத்துக்கொண்டு "இன்னும் ஒண்ணு வருதுப்பா, இன்னும் ஒண்ணு" என்று எண்ணிக்கொண்டே இருந்தாய், அம்மா தோசை ஆறிப்போகிறது என்று இரண்டு தடவை வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கும் அதே பொறுமை வேண்டும். மூடின பிறகு இடது ஷாக்கையும் வலது ஷாக்கையும் ஒன்றுக்கொன்று எதிரே பிடித்துத் தண்டோடு தண்டு அழுத்து. இரண்டும் ஒரே மாதிரி உள்ளே போய் ஒரே மாதிரி வெளியே வந்தால்தான் ஜோடி. ஒன்று முந்தினால் அதற்குள் காற்று இருக்கிறது, பிரித்துத் திரும்ப ஊற்று. இடது வளைவில் சரியாகப் போய் வலது வளைவில் மட்டும் கவிழ்கிற வண்டிக்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். உன் வண்டி எந்தப் பக்கம் அதிகம் கவிழ்கிறது என்று நீ சொல்லவே இல்லை, கவனித்துச் சொல்.

டிஃப் பற்றி, இரண்டு பக்கச் சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரென்ஷியல் பற்றிக் கேட்டாய். டிராக்டரில் ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் அது மட்டும் சுற்றும், கரைப்பக்கச் சக்கரம் சும்மா நிற்கும், அப்போது டிஃப் லாக்கை மிதிப்போம், இரண்டும் ஒன்றாகச் சுற்றும். உன் வண்டியில் பெடல் கிடையாது, அந்த வேலையைப் பாதி செய்வது உள்ளே இருக்கிற சிலிகான் ஆயில்தான். ஆயில் கெட்டியாக இருந்தால் பாதி லாக் போட்ட மாதிரி, மெலிசாக இருந்தால் லாக் இல்லாத மாதிரி. முன்னால் 5,000 நம்பர் மெலிசு ஆயில் ஊற்றியிருக்கிறோம், அதனால் ஆக்ஸிலேட்டரை விட்டதும் மூக்கு சட்டென்று உள்ளே திரும்பும். புழுதியில் அது வரம், கார்பெட்டில் அதுவே உன்னைக் கவிழ்க்கிற வேகத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. 10,000 ஊற்றினால் நிதானமாகத் திரும்பும். பின்னால் 3,000 இருக்கட்டும். டிஃப்பைப் பிரித்துக் கட்டுவது அரை நாள் வேலை, அதனால் மற்ற எல்லாம் முடிந்த பிறகு செய்.

டிஃப் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். இங்கிலாந்தில் காஸ்வொர்த் என்று ரேஸ் கார் இன்ஜின் செய்கிற கம்பெனி, அங்கே கியர் வேலை பார்த்த செசில் ஷூமாகர் என்பவர்தான் பல்லே இல்லாமல் சின்னக் குண்டுகளை வைத்து, ஒரு ஸ்க்ரூவைத் திருகி இறுக்கமும் தளர்வும் வைத்துக்கொள்கிற பால் டிஃப்பை இந்தக் குட்டி வண்டிகளுக்காக யோசித்துச் செய்தார். பெரிய இன்ஜின் பார்த்த கை இந்தச் சின்னதற்கும் அதே அக்கறையைக் கொடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

பிடிமானம் அதிகமான தரையில் மோட்டார் கூடுதலாகச் சூடாகும், ஏனென்றால் டயர் வழுக்கிக் கொடுக்காது, அந்தப் பாரம் முழுக்க மோட்டாருக்குத்தான் போகும். ஓட்டி முடித்ததும் அந்தச் சூடு பார்க்கிற துப்பாக்கியை யாரிடமாவது வாங்கிப் பார், 80 டிகிரியைத் தாண்டினால் மோட்டார் முனைப் பல்சக்கரமான பினியனில் ஒரு பல் குறைந்ததை மாட்டு. பினியன் மாற்றும்போது பல்லுக்குப் பல் இடைவெளிக்கு ஒரு காகிதத் துண்டை வைத்து இறுக்கிவிட்டுக் காகிதத்தைச் சுற்றி வெளியே எடு, மடிப்பு மடிப்பாகக் கிழியாமல் வரவேண்டும். நாம் மன்னார்குடி டவுன் பஸ் டிக்கெட்டை வைத்துத்தான் செய்தோம். உன் டூல் பெட்டியின் அடித்தட்டில் இரண்டு டிக்கெட் இன்னும் கிடக்கும் பார்.

அம்மா கேட்கச் சொன்னது பேட்டரி பற்றி. எனக்கும் அதே கவலைதான். நீ இருப்பது ஒரே அறை, அதில்தான் தூங்குகிறாய், அதில்தான் சார்ஜ் போடுகிறாய். போன வருஷம் முழு சார்ஜில் இருந்த லைப்போ பேட்டரியைத் தகர ஷெட்டில் வைகாசி முழுக்க மறந்து வைத்து, எடுக்கும்போது தலையணை மாதிரி உப்பியிருந்தது, நான்தான் வைத்தேன், இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது, பக்கத்தில் டீசல் கேன் இருந்தது. ஓட்டாத வாரம் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வை, சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று இருக்கும். இரண்டு செல்லும் சேர்ந்து முழு சார்ஜ் 8.4, அதை ரேஸ் அன்று காலையில் போட்டால் போதும். சார்ஜ் ஏறும்போது அந்தத் தீப்பிடிக்காத பைக்குள் வைத்து, நீ விழித்துக்கொண்டு பக்கத்தில் இரு. கடைக்குப் போய்வரலாம், குளித்துவிட்டு வரலாம் என்று நினைக்காதே. உப்பினதை அழுத்திப் பார்க்காதே, ஓட்டாதே, அங்கே பேட்டரி சேர்க்கிற இடத்தில் கொடுத்துவிடு.

இங்கே அறுப்பு நடக்கிறது. செயின் வண்டி நேற்றுத்தான் நம் வயலில் இறங்கிற்று, பத்து நாள் முன்னால் தெளித்த உளுந்து தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்டிருக்கிறது. ராத்திரி பனி கனமாக விழுகிறது, நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள் என்று களம் முழுக்க நெல்லைக் கொட்டிக் காயப்போட்டிருக்கிறோம். உன் இரண்டாம் வளைவு, அந்த இரட்டை மேடு எல்லாம் நெல்லுக்கு அடியில் இருக்கிறது. ஓரத்துக்குப் போட்டிருந்த பழைய தண்ணீர் ஓஸைச் சுருட்டி ஷெட்டில் வைத்துவிட்டேன். பங்குனியில் களம் காலியாகும், அப்போது தண்ணீர் தெளித்து உருளை போட்டு வைக்கிறேன்.

ரைடு ஹைட் அளக்க ஆசாரி மாமாவிடம் சொல்லித் தேக்கில் ஒரு துண்டு இழைத்து வாங்கியிருக்கிறேன், ஒரு முனை 17 மில்லி, மறுமுனை 18. வெர்னியரில் இரண்டு தடவை பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. பழைய 22 மில்லி துண்டு உன்னிடமே இருக்கட்டும். அம்மா அனுப்புகிற புளிக்காய்ச்சல், பருப்புப் பொடியோடு அடுத்த வாரம் பார்சலில் வரும். அதுவரை ஸ்கேலை வைத்து அள. வருகிற ஞாயிறு ஓட்டினதும் மூன்று விஷயம் மட்டும் எழுதி அனுப்பு: ரைடு ஹைட் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, எந்தப் பக்க வளைவில் கவிழ்ந்தது.

அன்புடன்,
அப்பா